உடலா, பொருளா? - ஒரு போரின் ரசீதுகள்

டிராஃப்ட் பத்தி எழுத ஆரம்பிச்ச பதிவு, ரெண்டு மாசமா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்தது. (இந்தப் பதிவுல இருக்கிற ஒரே ஜோக் இதுதான் மக்களே, சிரிச்சுடுங்க. மீதியெல்லாம் கொஞ்சம் கனமான சமாச்சாரம்.)

கேங்ஸ் ஆஃப் நியூயார்க் (2002) படம் பார்த்திருப்பீங்க. கடைசியில நகரமே பத்தி எரியும். ஹீரோவும் வில்லனும் மோதிக்கிறதைத்தான் நாம பார்த்துக்கிட்டிருந்தோம். ஆனா அந்தக் கலவரம் நிஜம். 1863 ஜூலை 13லிருந்து 16 வரைக்கும் நாலு நாள் நியூயார்க் எரிந்தது. காரணம், ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் போட்ட ஒரு சட்டம். அது என்ன சட்டம்னு தேடப்போய், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கால விதிகளைத் துருவ ஆரம்பிச்சேன். அதிலேயே மாட்டிக்கிட்டேன்.

'உடல், பொருள், ஆவி மூன்றையும் தருவேன்'னு நம்ம மேடைகளில் சர்வசாதாரணமாச் சொல்லுவாங்க. போர்னு வந்துட்டா அரசாங்கம் முதல் ரெண்டை நிஜமாவே கேட்கும். மூணாவது தானாப் போயிடும். கேட்கும்போது சும்மா கேட்காது, விதி எழுதி வச்சுக்கிட்டுக் கேட்கும். யாரோட மாட்டை எடுக்கலாம், எதுக்கு ரசீது கொடுக்கணும், எத்தனை விரல் இல்லாதவன் வீட்டுக்குப் போகலாம், எந்தக் கண் போனாப் பரவாயில்லை... எல்லாத்துக்கும் விதி.

இந்த விதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சப்ப எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. எதை எடுக்கும்போது அரசாங்கத்துக்குக் கை அதிகம் நடுங்குச்சு? மனுஷனோட உடம்பையா, அவனோட உடைமையையா?

சின்னதா ஒரு முன்கதை. 1861 முதல் 1865 வரை நடந்த போர். அடிமை முறையைக் காப்பாத்திக்கணும்னு தெற்கே 11 மாநிலங்கள் பிரிஞ்சுபோய் தனிக் கூட்டமைப்பு வச்சுக்கிட்டாங்க. அப்போ அமெரிக்காவில் இருந்த அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். சட்டப்படி அவங்க மனுஷங்க இல்லை, சொத்து. இந்தப் பதிவு முழுக்க இதை ஞாபகத்துல வச்சுக்குங்க. உடல் எங்கே முடியுது, பொருள் எங்கே ஆரம்பிக்குதுங்கிற கோடு அந்த ஊர்லதான் ரொம்பக் கோணலா இருந்தது.

தெற்கு: முதலில் உடம்பு

அமெரிக்க மண்ணில் முதல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் போட்டது தெற்குதான். 1862 ஏப்ரல் 16. 18 முதல் 35 வயசு வரை உள்ள வெள்ளைக்கார ஆண்கள் மூணு வருஷம் ராணுவத்தில் இருக்கணும். ஏற்கெனவே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்து, 'அப்பாடா, அடுத்த மாசம் வீட்டுக்குப் போறோம்'னு இருந்தவனையும் பிடிச்சு உட்கார வச்சுட்டாங்க. செப்டம்பரில் வயசு வரம்பு 45 ஆச்சு. 1864 பிப்ரவரியில் 17லிருந்து 50. ஆள் கிடைக்கக் கிடைக்கப் போதலை.

சட்டம் வந்த அஞ்சாம் நாளே விலக்குப் பட்டியலும் வந்தது. ரயில்வே ஊழியர், தந்தி ஊழியர், சுரங்கத் தொழிலாளி, பாதிரியார், 20 அல்லது அதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார், மருந்துக் கடைக்காரர் இவங்களுக்கெல்லாம் விலக்கு. அப்புறம் என்ன நடந்திருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். தெற்கே திடீர்னு கல்விக் கண் திறந்திடுச்சு! ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம். நாலு காலி ஜாடியை அடுக்கி வச்சா அது மருந்துக் கடை. :-)

இதுவரைக்கும் சிரிக்கலாம். அடுத்ததுல சிரிக்க முடியாது. 1862 அக்டோபர் 11ஆம் தேதி ஒரு புது விலக்கு வந்தது. 20 அல்லது அதுக்கு மேற்பட்ட அடிமைகள் இருக்கிற தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரருக்கு விலக்கு. ஆம்பிளைங்க எல்லாம் போருக்குப் போயிட்டா அடிமைகளை யார் மிரட்டி வச்சிருக்கிறதுங்கிற பயம்தான் காரணம். இந்த விலக்கைப் பயன்படுத்திக்கிட்டவங்க சில ஆயிரம் பேர்தான். ஆனா ஒரு அடிமைகூட இல்லாத ஏழை வெள்ளைக்காரக் குடியானவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 'உன்கிட்ட இருக்கிறது உன் உடம்பு மட்டும்தான், அதைக் கொடு. அவன்கிட்ட 20 உடம்பு சொந்தமா இருக்கு, அதனால அவன் உடம்பைக் கொடுக்க வேண்டாம்.' பணக்காரன் மூட்டின போர், ஏழை போடுற சண்டைனு ரெண்டு பக்கமும் ஜனங்க பேசிக்கிட்டது சும்மா இல்லை.

பின்னாடி 1864ல இதையே 15 அடிமைனு குறைச்சாங்க. பதிலுக்குத் தோட்டக்காரர் ஒவ்வொரு அடிமைக் கணக்குக்கும் 100 பவுண்டு பன்றிக்கறியும் 100 பவுண்டு மாட்டுக்கறியும் அரசாங்கத்துக்குத் தரணும். அதாவது இவ்வளவு கறி கொடுத்தா ஒரு ஆள் மிச்சம்.

டாக்டர் பார்த்த உடம்பு

சரி, தோட்டமும் இல்லை, மருந்துக் கடை ஜாடியும் இல்லை. அப்போ உடம்பு சரியில்லைன்னு சொல்லித்தான் தப்பிக்கணும்.

தெற்கின் மருத்துவ விதிகளைப் படிச்சா டாக்டர் எழுதின மாதிரியே தெரியாது, கடன்காரன் எழுதின மாதிரி இருக்கும். முழுக் குருடு, முழுச் செவிடு, நிரந்தர முடம், முத்திப்போன காசநோய், ஆறவே ஆறாத பெரிய புண் இதுக்கெல்லாம் விலக்கு உண்டு. ஆனா பொதுவான பலவீனம்? போதாது. லேசான அங்கக் குறை? போதாது. பாதிச் செவிடு, சாதாரண திக்குவாய், கிட்டப்பார்வை, வாதம், உள்ளே தள்ளினாப் போயிடுற குடலிறக்கம்? எதுவும் போதாது. ஒரு கண் இல்லையா? சில விரல்கள் இல்லையா? பரவாயில்லை வாங்க, சேவை செய்யலாம்.

வடக்கு 1863 மார்ச் 3ஆம் தேதிதான் தன்னோட சட்டத்தைப் போட்டது. 20 முதல் 45 வயசு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூணு பேர் கொண்ட ஒரு வாரியம், அதில் ஒருத்தர் டாக்டர். வடக்கோட பட்டியல் தெற்கை விட கொஞ்சம் தாராளம். ஆனா அது ஒரு விசித்திரமான உடற்கூறு. வலது கண் பார்வை போயிருந்தா விலக்கு. ஏன்னா துப்பாக்கியில் குறி பார்க்கிறது வலது கண்ணால. காகிதத்தில் சுத்தின தோட்டாவைக் கடிச்சுக் கிழிக்கிற அளவுக்குப் பல் இல்லைன்னா விலக்கு. அப்போ சிப்பாய்க்குச் சாப்பிட மட்டும் இல்லை, சுடவும் பல் வேணும். வலது கை ஆள்காட்டி விரல் இல்லைன்னா விலக்கு, அதுதான் விசையை அழுத்துற விரல். மொத்தத்தில் மனுஷ உடம்பைத் துப்பாக்கியோட உதிரி பாகம் மாதிரி எண்ணிப் பார்த்திருக்காங்க.

விதி வெளியே தெரிஞ்சதும் ஜனங்க அதுக்கேத்த மாதிரி உடம்பை மாத்திக்க ஆரம்பிச்சாங்க. நல்ல முன்பல்லைப் பிடுங்கிக்கிட்டவங்க இருந்தாங்க. விரலை வெட்டிக்கிட்டவங்க இருந்தாங்க. மடங்காத முட்டி, நிமிராத முதுகு, கேட்காத காதுனு நடிச்சவங்களுக்குக் கணக்கே இல்லை. டாக்டர்களும் சளைக்கலை. பாசாங்கைக் கண்டுபிடிக்க மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தாங்க. மயக்கத்தில் முட்டி மடங்கிடுச்சுன்னா குட்டு வெளிப்பட்டுடும். பிலடெல்பியாவில் மூணு ராணுவ டாக்டர்கள் 1864ல இதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதினாங்க. நரம்பியல் வரலாற்றில் பெரிய பேரான வெயர் மிட்சல் அவங்கள்ல ஒருத்தர்.

வேடிக்கை என்னன்னா, போர் தொடங்கின 1861ல இந்தப் பரிசோதனை எல்லாம் பேருக்குத்தான். தானா வந்து சேர்றவனை யார் சட்டையைக் கழட்டிப் பார்க்கப் போறாங்க? ஆண் வேஷம் போட்டு நூத்துக்கணக்கான பெண்கள் சேர்ந்திருக்காங்க. சாரா எம்மா எட்மண்ட்ஸ் என்பவர் பிராங்க் தாம்சன் என்ற பேரில் மிச்சிகன் படைப்பிரிவில் சேர்ந்தார், டாக்டருக்குத் தெரியவே இல்லை. வர ஆசைப்படுறவன் உடம்பை யாரும் பார்க்கலை. வர மாட்டேன்னு சொல்றவன் உடம்பை மட்டும் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தாங்க!

300 டாலர்

நியூயார்க்கை எரிய வச்சது டாக்டர் இல்லை, 300 டாலர். வடக்குச் சட்டப்படி சீட்டில் பேர் வந்தவன் 300 டாலர் கட்டினா அந்த முறை போக வேண்டாம். இல்லைன்னா தனக்குப் பதிலா ஒரு ஆளைக் கூலிக்கு அனுப்பலாம். 300 டாலர்ங்கிறது ஒரு கூலித் தொழிலாளியோட ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளம். குரோவர் கிளீவ்லேண்ட் 150 டாலருக்கு ஒரு ஆளைப் பிடிச்சு அனுப்பினார். அப்புறம் 1885ல அவரே அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

கோபம் நியாயம்தான். ஆனா அந்தக் கோபம் போன திசை அநியாயம். பணம் கட்டித் தப்பிச்சவன் மேல போனதை விட அதிகமா, நகரத்தில் இருந்த கறுப்பின மக்கள் மேல போச்சு. தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கில் மாட்டினாங்க. கறுப்பினக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தைக் கொளுத்தினாங்க. 'இவங்களுக்காகத்தானே இந்தப் போர்'னு ஒரு கணக்கு. நூத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க.

மொத்தக் கணக்கைப் பாருங்க. நாலு தடவை சீட்டுக் குலுக்கி வடக்கு எடுத்த பேர்கள் ஏறக்குறைய 7,76,000. அதில் 1,61,000 பேர் வரவே இல்லை, ஓடிட்டாங்க. உடம்புக் குறை, விதவையோட ஒரே பிள்ளை மாதிரியான காரணங்களால் 3,15,000 பேருக்கு விலக்கு. கடைசியில் சிக்கினது 2,06,678 பேர். அவங்கள்ல 86,724 பேர் பணம் கட்டினாங்க. 73,607 பேர் பதில் ஆள் அனுப்பினாங்க. தன் உடம்போட போய் நின்னவங்க 46,347 பேர். இதுக்காகவா இத்தனை சட்டம், இத்தனை தீ? (300 டாலர் கட்டுற வழியை 1864 ஜூலையில் மூடிட்டாங்க. பதில் ஆள் அனுப்புற வழி மட்டும் திறந்தே இருந்தது.)

இப்போ பொருள்

இனி அந்தப் பக்கம் பார்ப்போம். 1863 மார்ச் 26, தெற்கின் கட்டாயக் கொள்முதல் சட்டம். படைக்கு வேணும்னா தானியம், வைக்கோல், குதிரை, கோவேறு கழுதை எதையும் அதிகாரி எடுத்துக்கலாம். ஆனா எப்படி எடுக்கணும்னு இருக்கு பாருங்க. விலையில் தகராறு வந்தா உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரை வைக்கணும். ஒருத்தர் சொந்தக்காரர் தேர்ந்தெடுக்கிறவர், இன்னொருத்தர் அதிகாரி தேர்ந்தெடுக்கிறவர். அவங்களுக்கும் ஒத்துவரலைன்னா மூணாவதா ஒரு நடுவர். எல்லாரும் சத்தியம் பண்ணணும். எழுத்தில் சான்று கொடுக்கணும். குடும்பம் சாப்பிடவும், வழக்கமான விவசாயம் நடக்கவும் தேவையானதைத் தொடவே கூடாது.

படிச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஒரு கோவேறு கழுதைக்கு இத்தனை பஞ்சாயத்து! ஒத்தைக் கண் உள்ள ஒருத்தனை 'போதும், வா'ன்னு கூட்டிக்கிட்டுப் போகும்போது, அவன் தரப்பில் பேச அவன் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் உண்டா? நடுவர் உண்டா? அவன் குடும்பம் நடக்க அவன் தேவைங்கிறதுக்கு என்ன விதி இருந்தது?

காகிதத்தில் இருந்ததுதான் களத்தில் நடந்ததானு கேட்டா, இல்லை. மாநிலத்துக்கு ரெண்டு கமிஷனர்கள் சேர்ந்து விலைப்பட்டியல் போட்டாங்க. அது சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதுவும் தெற்கோட நோட்டில்தான் கிடைக்கும். 1863 தொடக்கத்திலேயே, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டாலருக்கு வாங்கினதை வாங்க ஏழு டாலர் தேவைப்பட்டது. பல இடங்களில் நோட்டும் இல்லை, வெறும் ரசீது. போதாததுக்கு 1863 ஏப்ரல் 24ல விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாவே எடுக்கிற சட்டமும் வந்தது. வட கரோலினா கவர்னர் வான்ஸ் வெறுத்துப்போய்ப் போர்த்துறைச் செயலருக்கு எழுதினார். பைபிளில் எகிப்துக்கு வந்த வாதைகளோட கடவுள் இன்னொண்ணை அனுப்ப நினைச்சிருந்தா, அது நம்ம குதிரைப்படையாத்தான் இருந்திருக்கும்னு. சொந்தப் படையைப் பத்தி!

பிடுங்கிடுவாங்கங்கிற பயத்தில் விவசாயிங்க நகரத்துக்குச் சரக்கு கொண்டு வர்றதையே நிறுத்தினாங்க. 1863 ஏப்ரல் 2, தலைநகர் ரிச்மண்டில் நூத்துக்கணக்கான பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிக் கடைகளை உடைச்சாங்க. ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ் நேரில் வந்து பாக்கெட்டில் இருந்த காசைக் கூட்டத்தில் எறிஞ்சார், கலையலைன்னா சுடச் சொல்லுவேன்னார். அந்தப் பெண்கள்ல பலரோட புருஷன் ராணுவத்தில், மாசச் சம்பளம் 11 டாலர். உடம்பும் போச்சு, சாப்பாடும் போச்சு.

சொத்தான உடம்பு

இப்போதான் முக்கியமான இடம். கோட்டை கட்ட, பள்ளம் வெட்ட ராணுவத்துக்கு அடிமைகளும் தேவைப்பட்டாங்க. மகன்களைப் போருக்கு அனுப்பின முதலாளிங்க, அடிமைகளை அனுப்பச் சொன்னா மட்டும் கத்தினாங்க. 1864 பிப்ரவரி 17 சட்டத்தில் ஒரு வாசகத்தின் பொருள் இது: வேலையில் இருக்கும்போது ஒரு அடிமை எதிரியிடம் ஓடிப்போனாலோ, எதிரியால் செத்தாலோ, அங்கே வந்த நோயால் செத்தாலோ, முதலாளிக்கு முழு விலையும் கிடைக்கும். செத்தவன் உடம்புக்கான நஷ்டஈடு, அந்த உடம்பில் வாழ்ந்தவனோட பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை, முதலாளிக்கு.

ஆனா இதே சொத்துக் கணக்கை வச்சே ஒரு கதவு திறந்ததும் உண்டு. 1861 மே மாசம், வர்ஜீனியாவில் மன்றோ கோட்டை. பிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்செண்ட், ஷெப்பர்ட் மல்லோரினு மூணு அடிமைகள் ராத்திரியோட ராத்திரியா படகில் தப்பிச்சு வடக்குப் படையிடம் வந்து சேர்ந்தாங்க. தெற்கின் பீரங்கி மேடை கட்டிக்கிட்டிருந்தவங்க அவங்க. மறுநாள் தெற்கு அதிகாரி வெள்ளைக்கொடியோட வந்து, 'சட்டப்படி எங்க சொத்து, திருப்பிக் கொடுங்க'ன்னார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் போருக்கு முன்னாடி வக்கீல். அவர் பதில் இப்படிப் போகுது: நீங்கதான் தனி நாடுன்னு சொல்றீங்க, அப்போ எங்க நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதுக்கு? சொத்துன்னும் சொல்றீங்க. போருக்குப் பயன்படுற எதிரியோட சொத்தைப் போரில் பறிமுதல் செய்யலாமே!

பட்லர் அப்போ அடிமை ஒழிப்புக்காரர் எல்லாம் இல்லை. ஒரு வக்கீல் மடக்கு, அவ்வளவுதான். ஆனா அந்த மடக்குக்குப் பின்னாடி ஆயிரக்கணக்கானவங்க அந்தக் கோட்டையைத் தேடி வந்தாங்க. ஆகஸ்டில் முதல் பறிமுதல் சட்டம், 1862 ஜூலையில் ரெண்டாவது. கதவைத் திறந்தது பட்லர்னு புத்தகங்கள் எழுதும். தட்டினது படகில் வந்த அந்த மூணு பேர்.

ரசீது

1863 ஏப்ரல் 24ல வடக்குப் படைக்கு லிங்கன் ஒரு நடத்தை விதித் தொகுப்பு வெளியிட்டார். எழுதினது பிரான்சிஸ் லீபர் என்கிற சட்டப் பேராசிரியர். ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயசில் நெப்போலியனுக்கு எதிரான போரில் குண்டடி பட்டவர். இந்தப் போரில் ஒரு மகன் தெற்குக்காகச் சண்டை போட்டுச் செத்தார், இன்னொரு மகன் வடக்குக்காகச் சண்டை போட்டுக் கையை இழந்தார். அவர் எழுதின விதி: தனியார் சொத்தை ராணுவத் தேவை இருந்தாத்தான் எடுக்கணும். சொந்தக்காரர் ஊரை விட்டு ஓடாம இருந்தா ரசீது கொடுக்கணும். பின்னாளில் ஹேக் உடன்படிக்கைகளுக்கு (1899, 1907) இதுதான் முன்மாதிரி.

அந்த ரசீதுங்க என்ன ஆச்சு? 1871ல வடக்கு ஒரு உரிமைக்கோரல் ஆணையம் வச்சது. தெற்கில் இருந்தும் வடக்குக்கு விசுவாசமா இருந்தவங்க, படை எடுத்துக்கிட்ட உணவு, கால்நடைக்கு நஷ்டஈடு கேட்கலாம். 22,298 மனுக்கள், கேட்ட தொகை சுமார் 6 கோடி டாலர். 7,092 மனுக்கள் ஏதோ ஒரு அளவில் ஏத்துக்கப்பட்டன. கொடுத்தது 46 லட்சம் டாலர்.

என்னை ரெண்டு மாசமா இந்தப் பதிவோட கட்டிப் போட்டது அந்த மனுக்களில் ஒரு பகுதி. ஜார்ஜியாவின் லிபர்ட்டி கவுண்டி மாதிரி இடங்களில் முன்னாள் அடிமைகளும் வந்து மனு கொடுத்தாங்க. முதலாளி சொன்ன வேலையை முடிச்சிட்டு மிச்ச நேரத்தில் தனக்காக உழைச்சு சேர்த்த பன்றி, மாடு, கோழி, தானியம். விடுதலை கொண்டு வந்த படையே அதையெல்லாம் எடுத்துச் சாப்பிட்டுட்டுப் போயிடுச்சு. ஆணையம் திரும்பத் திரும்பக் கேட்டது: 'நீயே ஒருத்தருக்குச் சொத்தா இருந்தவன். உனக்கு எப்படிச் சொத்து இருந்திருக்க முடியும்?' அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரங்களும் சாட்சி சொன்னாங்க. சில இடங்களில் பழைய முதலாளியே வந்து, 'ஆமா, அந்தப் பன்றி அவனோடதுதான்'னு சாட்சி சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. அவங்க உடம்புக்கு, அதிலிருந்து பல வருஷம் எடுத்துக்கிட்ட உழைப்புக்கு நஷ்டஈடு கேட்க எந்த ஜன்னலும் இல்லை. அப்படி ஒரு விண்ணப்பப் படிவமே இல்லை. பன்றிக்கு மட்டும்தான் படிவம் இருந்தது. அதனால அவங்க பன்றிக்காக வந்து நின்னாங்க. நின்னு, 'இது என்னோடது'ன்னு சத்தியம் பண்ணினாங்க. அரசாங்க ஏட்டில் 'என்னோடது' என்கிற வார்த்தை அவங்க வாயிலிருந்து பதிவானது. பல பேருக்கு அதுதான் முதல் தடவையா இருந்திருக்கும்.

முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பொருளை எடுக்கும்போது விதிகளோட கை நடுங்குச்சு, உடம்பை எடுக்கும்போது நடுங்கலை. ஏன்னா விதி எழுதுறவங்ககிட்ட பொருள் இருந்தது. இனிமே எந்த நாட்டுப் போர்ச் சட்டத்தைப் படிச்சாலும், எதுக்கு ரசீது கொடுக்கிறாங்க, எதுக்குக் கொடுக்கலைன்னு பாருங்க. யாரு எழுதின சட்டம்னு தெரிஞ்சிடும்.

நீளமாப் போயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. மாற்றுக் கருத்து இருந்தா தாராளமாச் சொல்லுங்க, பேசுவோம்.

பி.கு: தலைப்பில் ஆவியை விட்டுட்டியேன்னு கேட்கப் போறீங்க. அதுக்கு ரசீது கொடுக்கிற அரசாங்கத்தை இன்னும் நான் பார்க்கலை.